தலைவர் போட வேண்டிய சட்டை

கால கொஞ்சம் ஒதுக்கிக்கங்ணா, பை இடிக்குது பாருங்க. குடை இல்லீங்க அது. எல்லாரும் குடைன்னுதான் நெனைக்கறாங்க, கம்பி நீட்டிட்டிருக்கறதுனால. சட்டைங்க. ஆமாங்க, ஒடம்புல போட்டுக்கற சட்டைதான். ஏன் சிரிக்கறீங்க? கலெக்டர் ஆபீஸ் போய்ச் சேர இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது. சொல்றேன், முழுசாக் கேட்டுப்போட்டு அப்பறம் சிரிங்க.

இப்ப நாங்க பஸ்ஸுல ஏறுனப்ப ரெண்டு பேரு எந்திரிச்சுக் கும்புட்டாங்களே, பாத்தீங்களா? "வாங்க தலைவரே"ன்னாங்களே? கொள்ளுக்காட்டுவலசு ஊராட்சிங்க எங்குளுது. நான் மோகனசுந்தரம். தலைவரு. அதாவது, தலைவருன்னா எங்கூட்டுக்காரிதான் தலைவரு. கோகிலவாணின்னு பேரு. அதா, நமக்கு முன் சீட்டுல, சன்னலோரமா, மெரூன் கலர் சுடிதார் போட்டுட்டு என்னமோ கடுதாசி படிச்சுட்டு வருதே, அதுதான். கொழந்தை மடில தூங்குது. கும்புட்டவங்க அவளையும் சேத்துக் கும்புட்டிருக்கலாம். ஏறுறப்ப அவ முன்னாடி, நான் பின்னாடி.

பத்து வருசமா அந்த நாற்காலிக்கு நான் கண்ணு வெச்சிருந்தனுங்க. கல்யாணம், காதுகுத்து, எழவு, ஒண்ணு விடலை. போய் நின்னு மூஞ்சியக் காட்டி, மொய் வெச்சு, பந்தில சாம்பார் வாளி தூக்கி, எல்லாம் பண்ணி வெச்சிருந்தேன். பாத்தா அந்த வருசம் எங்க ஊராட்சி பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. அட கெரகமேன்னு ரெண்டு நாள் சோறு எறங்கல. அப்பறம் அவ பேர்ல நான் நின்னேன். போஸ்டர்ல என் போட்டோ பெருசு. அவுளுது மூலைல, தபால்தலை அளவுக்கு. ஜெயிச்சாச்சு. நான் ஜெயிச்சேன்னே வெச்சுக்குங்களேன்.

எல்லாம் ஒழுங்காத்தான் போயிட்டிருந்துச்சு. ஊராட்சி ஆபீஸுல, முதுகுல வெள்ளைத் துண்டு போட்ட நாற்காலி. அதுல நான். கையெழுத்து மட்டும் அவ. செயலரு நாட்ராயன் கையெழுத்துப் போட வேண்டிய எடத்துல பென்சில்ல பெருக்கல் குறி போட்டுக் குடுத்துருவாப்ல. நான் ஊட்டுக்குக் கொண்டு போவேன். அவ இட்லி ஊத்திட்டே போட்டுக் குடுப்பா. ஒரே ஒரு கெட்ட பழக்கம் அவளுக்கு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிப்பா. எம்.எஸ்ஸி கெமிஸ்ட்ரிங்க, அதான். "ஏன் மாமா, மேட்டுத்தெரு பைப்பு போன வருசமே போட்டாச்சுன்னு எழுதியிருக்கு, அங்க பாதி நாள் தண்ணியே வரலியே?"ம்பா. "நீ இட்லியப் பாரு, அடி புடிக்குது"ம்பேன்.

இந்தச் சித்திரைல எங்களுக்குப் பொண்ணு பொறந்துச்சு. நிறைமதி. கல்யாணமாகி அஞ்சு வருசம் கழிச்சுப் பொறந்த கொழந்தைங்க. அந்தச் சந்தோசத்துல இருக்கறப்ப ஒன்றியத்துலருந்து ஒரு கடுதாசி வருது. பெண் தலைவர்கள் தாங்களே நேர்ல வந்து கூட்டம் நடத்தோணுமாம். கணவரோ, உறவினரோ நாற்காலில உக்காரக் கூடாதாம். ஆகஸ்ட் பதினஞ்சு கிராம சபைக்கு, சரியா நடக்குதான்னு பாக்க ஒரு அதிகாரிய அனுப்புவாங்களாம். பற்றாளர்னு பேரு அவங்களுக்கு. நான் அந்தக் கடுதாசிய நாலா மடிச்சு, ஊட்டுல அரிசி டப்பாக்கு அடில வெச்சுட்டேன். அரிசி டப்பாவ யாரு எடுப்பா? அவதானுங்க எடுப்பா. அந்த ரோசனை எனக்கு அப்ப வரல.

சாயங்காலம் வந்து சொல்றா: "மாமா, இந்தத் தடவ கிராம சபைக்கு நான் வர்றேன். நானே உக்கார்றேன்."

நாற்காலி போச்சுன்னா எனக்கு என்னங்க இருக்குது? சும்மா கோகிலவாணி ஊட்டுக்காரன். அவ்வளவுதான. ஆனா அதச் சொல்ல முடியுமா? "கொழந்தை ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒருக்கா அழுவுதே"ன்னேன்.

"அழுதா குடுத்துக்கறேன்."

"மேடைலயா? ஊர்ச்சனம் பூரா உக்காந்திருக்கறப்பவா? மைக்குல பேசிட்டே 'அது' குடுப்பியா?"

எனக்கு அந்த வார்த்தை வாய்ல வராதுங்க. 'அது'ம்பேன். மாட்டுக்குப் பக்கத்துல உக்காந்து எத்தனை தடவ வேணும்னாலும் சொல்வேன். மனுசருக்குன்னு வந்தா வராது.

"சரி மாமா, நான் என்ன பண்ணோணுங்கறீங்க?"ன்னா.

அப்பத்தான் நான் வாய விட்டேன். "கௌரவமா, பாக்கறவங்களுக்குத் தெரியாம, உனக்கும் சௌகரியமா, பாக்கவும் லட்சணமா ஒரு உடுப்பு கெடைக்கட்டும். நீ தாராளமா வா. நான் எந்திரிச்சு நிக்கறேன். எங்கப்பன் மேல சத்தியம்"ன்னேன். அப்படி ஒரு உடுப்பு உலகத்துலயே இல்லைங்கற தைரியம்தான்.

"சரிங்க மாமா. தேடுங்க"ன்னா.

தேடாம இருக்கலாம். ஆனா வாக்கு குடுத்துட்டுச் சும்மா இருந்தா நம்மளப் பத்தி என்ன நெனைப்பா? ஈரோட்டுக்குப் போனேன். பெரிய ஜவுளிக்கடை. சின்னப் பொண்ணு ஒண்ணு, "வாங்க சார், என்ன வேணும்?"னுச்சு. "அம்மிணி, கொழந்தை இருக்கறவங்க, கொழந்தைக்கு 'அது' குடுக்கறப்ப..."ன்னேன். உடனே ஓடிப் போயி, சோறு ஊட்டறப்ப கொழந்தை கழுத்துல கட்டற துணி எடுத்துட்டு வந்துச்சு. மஞ்சள்ல வாத்துப் படம் போட்டது. "இது இல்ல அம்மிணி, பெரியவங்களுக்கு"ன்னேன். பெரிய சைஸ் இல்லைங்குது. "மறைச்சுக்கறதும்மா"ன்னேன். மழைக்கோட்டு எடுத்துட்டு வந்துச்சு. எனக்கு வேர்த்துக் கொட்டுது. கடைசில பாதி வார்த்தைய முழுங்கி எப்படியோ சொன்னேன். அதுக்குப் புரிஞ்சுருச்சு. புரிஞ்சதும் அந்த மாடி பூரா கேக்கற மாதிரி கத்துச்சு பாருங்க: "அக்கா, சாருக்கு ஃபீடிங் நைட்டி வேணுமாம்!"

சாருக்காம். கடைல இருந்த அத்தனை பொம்பளைங்களும் திரும்பி என்னைய மேலயும் கீழயும் பாக்கறாங்க. "எக்ஸெல்லா, டபுள் எக்ஸெல்லா சார்?"னு அந்தப் பக்கத்துலருந்து இன்னொரு குரலு. ரெண்டும் குடுங்கன்னு வாங்கிட்டு ஓடியாந்துட்டேன்.

நைட்டி நல்லாத்தான் இருந்துச்சு, தப்புச் சொல்ல முடியாது. மறைவா ரெண்டு பக்கமும் ஜிப்பு. ஆனா கிராம சபைல தலைவரு நைட்டிலயா உக்கார்றது? "ஊர்ல பாதிப் பேரு தோள்ல துண்டப் போட்டுட்டு நைட்டிலதான மாமா வருவாங்க? ரேசன் கடைக்கு, ஸ்கூலுக்கு, பேங்குக்குக்கூட"ன்னா அவ. "அவங்கெல்லாம் தலைவரா?"ன்னு கேட்டேன். நைட்டிய மடிச்சு வெச்சுட்டா. வாதத்துல நான் ஜெயிச்சுட்டேன். அப்படித்தான் நான் நெனைச்சேன்.

அடுத்தது போன்ல பாத்து வரவழைச்சது. சட்டை இல்ல, பெரிய துணி. கழுத்துல மாட்டிக்கிட்டா மார்லருந்து இடுப்பு வரைக்கும் மூடிக்கும். படத்துல ஒரு வெள்ளைக்காரி அதப் போட்டுட்டுப் பூங்காவுல சிரிச்சுட்டு உக்காந்திருக்கா. சரி, ஒத்திகை பாப்பம்னு, எங்க ஊட்டு வாசல்ல சேரு போட்டு வாணிய உக்கார வெச்சேன். ரோட்டுல போறவங்களுக்குத் தெரியுதான்னு பாக்கோணுமில்ல? நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டேன். நாட்ராயனோட மாமனாரு சைக்கிள்ல வந்தவரு நிறுத்திட்டுக் கேக்கறாரு, "ஏப்பா மோகனா, உம்பொண்டாட்டிக்கு முடி வெட்டறீங்களா?"ன்னு. அதுக்குள்ள கொழந்தை ஒரு ஒதை ஒதைச்சுத் துணியத் தள்ளிருச்சு. நான் "மூடு, மூடு"ன்னு கத்துனேன். நான் கத்துனதுல அக்கம்பக்கம் பூரா எட்டிப் பாத்துருச்சு. "நீங்க கத்தாம இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது மாமா"ன்னா. எல்லாத்துக்கும் நம்ம மேலயே பழி.

அப்பத்தானுங்ணா எனக்கு ஒரு வேகம் வந்துச்சு. கடைல கெடைக்கலைன்னா என்ன, நாமளே தைப்பம். நான் சின்னதா ஒரு பாலமே கட்டியிருக்கேன், சட்டை என்ன பெரிய காரியம்? கட்டம் போட்ட பேப்பர் வாங்கி, பென்சில் சீவி, ஒரு ஞாயித்துக்கெழமை பூரா உக்காந்து படம் போட்டேன். கழுத்தச் சுத்தி குடைக்கம்பி வளையம், துணி ஒடம்புல ஒட்டாம நிக்க. காத்து வேணுமில்ல? முன்னாடி ரெண்டு ஜிப்பு, பக்கத்துல ரெண்டு ஜிப்பு, அவசரத்துக்கு ஒட்டற பட்டை. கொழந்தைக்கு மூச்சு முட்டக் கூடாதுன்னு நெஞ்சுக்கு நேரா கொசுவலை வெச்ச சன்னலு. துணி பட்டு மாதிரி மின்னோணும், லட்சணம் வேணுமில்ல? எங்க ஊர்ல சபிதான்னு ஒரு டைலரு, வாணி கூடப் படிச்ச பொண்ணு. படத்தத் தலைகீழாவும் திருப்பிப் பாத்துச்சு. "அண்ணா, இதுக்கு டைலர் வேணுமா, வெல்டர் வேணுமா?"னு கேட்டுச்சு. கிண்டலு.

நம்ம வேலைன்னா முறையா இருக்கோணும். அதுனால ஊராட்சி மன்றக் கூட்டத்துலயே வெச்சுட்டேன். ஒம்பது வார்டு மெம்பருக. அதுல அஞ்சு பேரு பொம்பளைங்க. அதாவது அந்த அஞ்சு பேரோட ஊட்டுக்காரங்க வருவாங்க. ஆக மொத்தம் ஒம்பது ஆம்பளைங்களும் நானுமா உக்காந்து ஒண்ணரை மணி நேரம் விவாதம் பண்ணோம். கழுத்து எறக்கம் எவ்வளவு, சன்னலு எந்தப் பக்கம், வலை வெள்ளையா பச்சையான்னு. மூணாவது வார்டு, கொக்கி வேணும்ங்கறாரு. அஞ்சாவது வார்டு, கொக்கி குத்தும்ங்கறாரு. ரோட்டுக்குழி மூடற விசயத்துல வாய் தொறக்காதவங்க எல்லாம் அன்னைக்கு அப்படிப் பேசறாங்க. யாரும் 'அந்த' வார்த்தையச் சொல்லாமயே பேசி முடிச்சோம். அதுல எனக்குப் பெருமைதான்.

நாட்ராயன் தீர்மானப் புத்தகத்தத் தொறந்து, "'பாலூட்டும் தாயாக இருக்கும் தலைவர்'னு எழுதிரட்டுங்களா?"ன்னாப்ல. நான் பதறிட்டேன். "ஏப்பா, கவர்மெண்டு புத்தகத்துல அந்த வார்த்தையா? நாளைக்குத் தணிக்கைக்கு வர்றவன் படிக்க மாட்டானா? 'தலைவர்'னு மட்டும் எழுது. புரியறவங்களுக்குப் புரியும்"ன்னேன். எழுதுனாப்ல. எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு, கேளுங்க. "தீர்மானம் எண் ஏழு. இனி வரும் கூட்டங்கள் அனைத்திலும், தலைவர் நாற்காலியில் அமரும் தலைவர் அவர்கள், இத்துடன் இணைக்கப்பட்ட படத்தில் கண்டவாறு தைக்கப்பட்ட சிறப்பு உடையை அணிந்தே அமர வேண்டும் எனவும், அணியாத பட்சத்தில் மேற்படி நாற்காலியில் அமர இயலாது எனவும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

தலைவர் கையெழுத்து வேணுமே. வழக்கம்போல பெருக்கல் குறி போட்டு ஊட்டுக்குக் கொண்டு போனேன். அன்னைக்கு வாணி ரெண்டு தடவ படிச்சா. அப்பறம் சிரிச்சா. "ஏன் சிரிக்கற?"ன்னேன். "ஒண்ணுமில்ல மாமா, ஒரு எடத்துல 'க்' விட்டுப்போச்சு"ன்னு சொல்லி, பேனாவுல அந்த 'க்' சேத்து, கீழ கையெழுத்தும் போட்டுக் குடுத்தா. படிச்ச பொண்ணு, எழுத்துப் பிழை பொறுக்காது.

சட்டை வந்துச்சு. ஒத்திகை. உள்ள நொழையறதுக்கே ரெண்டு பேரு புடிக்கோணும். ஒரு ஜிப்பு பாதில நின்னுக்கிச்சு. மேலயும் போகல, கீழயும் வரல. கொழந்தை வீல்னு அழுவுது. சரின்னு நான் ஒட்டற பட்டையப் பிச்சேன். பர்ர்ருன்னு ஒரு சத்தம். வாசல்ல படுத்திருந்த நாயி எந்திரிச்சு ஓடுனது, மூணு நாள் ஊட்டுப் பக்கமே வரல. சபிதா வந்து ஜிப்புல மெழுகுவத்தி தேச்சுத்தான் அவள வெளிய எடுத்துச்சு.

எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதிதான், பொய் சொல்லக் கூடாது. மூஞ்சிய சோகமா வெச்சுக்கிட்டு, "பாத்தியா வாணி, என்னால ஆனதெல்லாம் பண்ணிட்டேன். உடுப்பு கெடைக்கல. நம்ம விதி"ன்னேன்.

"ஆமாங்க மாமா, இது ஆகாது"ன்னு அமைதியாச் சொன்னா. "அப்ப நான் மேடைக்கு வர்லீங்க. கீழ பொம்பளைங்களோட உக்காந்துக்கறேன்."

அதுக்கப்பறம் மூணு வாரம் ஊட்டுல சண்டையே இல்லைங்க. இந்த மெரூன் சுடிதாரு அப்பத்தான் புதுசாத் தெச்சா. அதே மாதிரி பச்சைல ஒண்ணு, நீலத்துல ஒண்ணு. "நல்லாருக்குதே, யாரு தெச்சா?"ன்னு நானே கேட்டேன். "சபிதாதான்"ன்னா. தெனமும் ராத்திரிச் சோத்துக்கு எனக்கு எதிர்ல கொழந்தைய மடில போட்டுட்டு உக்காருவா. நான் சாப்புட்டுட்டே, "பொம்பளைங்களுக்கு இந்த ஒரு கஷ்டம் இருக்குது பாரு, அதுக்கு உடுப்பே இன்னும் எவனும் கண்டுபுடிக்கல"ன்னு வருத்தமாச் சொல்லிட்டிருப்பேன். "ஆமாங்க மாமா, ரசம் ஊத்தட்டுங்களா?"ம்பா.

ஆகஸ்ட் பதினஞ்சு வந்துச்சு. ஸ்கூல் மைதானத்துல சாமியானா. ஊரு பூரா வந்துருச்சு. நான் வெள்ளையும் சொள்ளையுமாப் போயி நாற்காலில உக்காந்தேன். பக்கத்துல ஒரு கம்புல அந்தச் சட்டையத் தொங்க விட்டிருந்தேன். எதுக்குன்னா, பற்றாளர் வந்து 'ஏன் உங்க சம்சாரம் உக்காரல?'ன்னு கேட்டா, எம்மேல தப்பு இல்ல, இவ்வளவு முயற்சி பண்ணியிருக்கேன்னு காட்டறதுக்கு.

ஜமுனான்னு ஒரு மேடம் வந்தாங்க பற்றாளரா. மூக்குக் கண்ணாடி, மூஞ்சில சிரிப்பே இல்ல. உக்காந்ததும் தீர்மானப் புத்தகத்தத் தொறந்தாங்க. தலையத் தூக்காமயே, "தலைவர் யாரு?"ன்னாங்க.

பழக்க தோசம்ங்ணா. ஊரே என்னையக் கைகாட்டுது. நான் எந்திரிச்சுக் கும்புட்டு, "நான்தானுங்க மேடம்"னுட்டேன்.

"நீங்கதான் தலைவரா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

முன்னாடி எண்ணூறு சனம். இல்லைன்னு எப்படிங்க சொல்றது? "ஆமாங்க மேடம்."

"சரி"ன்னாங்க. போன கூட்டத்துத் தீர்மானமெல்லாம் சபைல படிக்கோணும், அது வழக்கம். படிச்சுட்டே வந்து ஏழுல நின்னாங்க. இன்னொருக்கா படிச்சாங்க. மைக்குலயே. கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுட்டு, தொங்கற சட்டையப் பாத்து, என்னையப் பாத்தாங்க. "தலைவர் ஏன் தீர்மானத்த மீறி ஒக்காந்திருக்கீங்க?"ன்னாங்க.

"மேடம், அது வந்து, எனக்கில்லீங்க..."

"தலைவர்னுதான போட்டிருக்கு? நீங்கதான தலைவர்? போட்டுட்டு ஒக்காருங்க. இல்லைன்னா எந்திரிங்க."

நீங்க என்ன பண்ணியிருப்பீங்கண்ணா? சொல்லுங்க. எந்திரிச்சா ஊருக்கு முன்னாடி நாற்காலி போச்சு. உக்காரணும்னா ஒரே வழி. நான் போட்டுக்கிட்டேன்.

சிரிங்க, பரவால்ல. இப்பச் சிரிங்க. நாட்ராயனும் மூணாவது வார்டும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு உள்ள எறக்குனாங்க. வளையம் தோள்ல மாட்டிக்கிச்சு. ஜிப்ப இழுத்தாங்க, அதே எடத்துல நின்னுக்கிச்சு. நெஞ்சுக்கு நேரா இருக்க வேண்டிய வலைச்சன்னலு என் மூஞ்சிக்கு வந்துருச்சு, கை ரெண்டும் உள்ள. "தலைவரே, உள்ள கரண்டு இருக்குதுங்களா?"ன்னு எவனோ பின்னாடி இருந்து கேக்கறான். எண்ணூறு பேரும் அப்படிச் சிரிக்கறாங்க. நான் சொல்ற எதுவும் மைக்குக்கு எட்டல. ஆனா உக்காந்துட்டேன் பாருங்க. நாற்காலிய விடல.

அப்ப மேட்டுத்தெருவுலருந்து ஒரு அம்மா எந்திரிச்சு, "சிரிச்சது போதும், எங்களுக்குத் தண்ணி வந்து பன்னெண்டு நாளாச்சு, அதுக்கு ஒரு பதிலச் சொல்லுங்க"ன்னுச்சு. "பாக்கலாம், பாக்கலாம்"ன்னு நான் உள்ளருந்து சொல்றேன். யாருக்குக் கேக்குது?

கீழ, பொம்பளைங்க கூட்டத்துக்கு நடுவுலருந்து ஒரு குரலு. "மோட்டாரு எரிஞ்சுபோச்சுங்க்கா. வேற மோட்டாருக்குப் போன வாரமே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். செவ்வாக்கெழமை வருது. அது வரைக்கும் காலைலயும் சாயங்காலமும் லாரித் தண்ணி வரும், நாளைக்கே வரும்."

பாத்தா, வாணி.

மேடம், "நீங்க யாரு?"ன்னாங்க.

"கோகிலவாணிங்க. தலைவரு."

"அப்ப இவரு?"

"எங்கூட்டுக்காரருங்க."

மேடத்துக்கு அப்பத்தான் கொஞ்சமா உதடு கோணுச்சு. "கைக்கொழந்தைய வெச்சுட்டு உங்களால கூட்டத்துக்கு வர முடியாதுன்னு ஒன்றியத்துல சொன்னாங்களே. கொழந்தை எங்க?"

"மடிலதாங்க இருக்குது"ன்னு தூக்கிக் காமிச்சா. வாயெல்லாம் பாலு. "பால் குடிச்சுட்டிருந்துச்சுங்க. நீங்க ஏழாவது தீர்மானம் படிக்க ஆரம்பிச்சப்ப குடுத்தேன், இப்பத்தான் முடிச்சுது."

பக்கத்துல உக்காந்திருந்த பொம்பளைங்களே திரும்பிப் பாக்கறாங்க. யாருக்கும் தெரியல. அந்த வார்த்தைய மைக்கே இல்லாம எண்ணூறு பேருக்கு முன்னாடி சாதாரணமாச் சொன்னா. வானம் இடிஞ்சு விழல, ஒண்ணும் ஆகல. அன்னைக்கும் இதே சுடிதாருதானுங்ணா. இதுல மார்புக்குக் கீழ ஒரு மடிப்பு வருதில்ல, பாக்கறதுக்கு டிசைன் மாதிரி? அந்த மடிப்புக்குள்ள ரெண்டு பக்கமும் தொறப்பு. ஜிப்பு இல்ல, பட்டை இல்ல, கம்பி இல்ல. சபிதாவும் அவளும் ஒரே மத்தியானத்துல தெச்சதாம். மூணு வாரமா எனக்கு எதிர்ல உக்காந்து ரசம் ஊத்திட்டே பால் குடுத்திருக்கா. நான் உடுப்பே இல்லைன்னு பேசிட்டிருந்திருக்கேன்.

"மேல வாங்க"ன்னு மேடம் கூப்புட்டாங்க. "வேண்டாங்க மேடம். அந்த நாற்காலில உக்காரணும்னா அந்தச் சட்டை போடோணும்னு தீர்மானம் இருக்குது. நான் கையெழுத்துப் போட்டது, நானே மீறக் கூடாது"ன்னு சொல்லிட்டு, ஒரு பிளாஸ்டிக் சேர இழுத்துப் போட்டு, வேப்பமரத்து நெழல்ல உக்காந்துட்டா. மொத்தச் சனமும் சேரத் திருப்பிப் போட்டுட்டு அவ பக்கம் உக்காந்துருச்சு. எனக்கு முதுகுங்க. மேடத்தோட முதுகும்தான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல அந்தச் சட்டைக்குள்ள உக்காந்திருந்தேன். சபிதாவுக்கு மெழுகுவத்தி கெடைக்கலையாம். கெடைக்கலைன்னுதான் சொல்லுச்சு. அவமானத்துல எனக்கு அழுகையே வந்துருச்சுங்ணா, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. அப்ப வாணி தோள்ல கெடந்த நிறைமதி என் பக்கம் திரும்புச்சு. வலைக்குள்ள என் மூஞ்சியப் பாத்துச்சு. பாத்துட்டுக் கெக்கெக்கேன்னு சத்தம் போட்டுச் சிரிச்சுது. எம்மக சத்தம் போட்டுச் சிரிச்சது அதுதான் மொத தடவ. கைதட்டலாம்னா கை உள்ள மாட்டிக்கிச்சு.

அன்னைலருந்து இப்படித்தான். ஆபீஸுக்கு அவ போறா. துண்டு போட்ட நாற்காலி காலியாத்தான் கெடக்குது. ஏழாவது தீர்மானத்த ரத்து பண்ணிரலாம்னு சொல்லிப் பாத்தேன். ரத்து பண்ணவும் தலைவர் கையெழுத்து வேணும். "இருக்கட்டும் மாமா. உங்களுக்கு எப்ப உக்காரணும்னு தோணுதோ, சட்டையப் போட்டுட்டு தாராளமா உக்காருங்க"ங்கறா. ரெண்டு தடவ போட்டுட்டு உக்காந்தும் பாத்துட்டேன். யாரும் வரல. எல்லாரும் பிளாஸ்டிக் சேருகிட்டத்தான் போறாங்க. வயித்தெரிச்சலாத்தான் இருக்குது. மேட்டுத்தெருவுல தண்ணி வர்றப்ப பெருமையாவும் இருக்குது. ஆனா ஒரு வகைல பாத்தா உடுப்பு தேடுங்கற ரோசனையே என்னுதுதான? அத ஒருத்தரும் சொல்றதில்ல. ஊர்ல பாதிப் பேரு இப்ப அந்த மடிப்பு வெச்ச சுடிதார்தான் போடறாங்க. சபிதாகிட்ட என் ஜிப்ப மாத்திக் குடுன்னா, "கையில வேலை நெறைய இருக்குதுண்ணா, அடுத்த மாசம் பாக்கலாம்"ங்குது. அதான் பையோட வர்றேன். இன்னைக்கு அவளுக்குக் கலெக்டர் ஆபீஸுல மீட்டிங்கு. அவ உள்ள போயிட்டு வர்றதுக்குள்ள நான் நல்ல கெட்டியான ஜிப்பு ஒண்ணு பாத்துப் போட்டுட்டேன்னா...

ஆங், கண்டக்டரு "தலைவரே, எறங்கோணும்"ங்கறாப்ல. இருப்பா, எந்திரிக்கறேன்.

ஓ. அங்க சொன்னியா.

பாத்தீங்களாண்ணா, எந்திரிச்சுட்டா. கொழந்தைய இப்படிக் குடு வாணி, நீ கடுதாசியப் பத்திரமா எடுத்துக்க. அட, தூங்கவே இல்லியா இது? கண்ண முழிச்சுட்டுல்ல இருக்குது. வாயோரத்தப் பாருங்கண்ணா, ஈரம். வர்ற வழி பூரா குடிச்சுட்டுத்தான் வந்திருக்குது. ஏனுங்ணா, நீங்க நேரா முன்னாடியேதான பாத்துட்டு வந்தீங்க, உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா?

எனக்கும் தெரியலீங்க.

சரி, அந்தப் பைய மட்டும் எடுத்து என் தோள்ல மாட்டி விடுங்ணா. கைல கொழந்தை இருக்குது.